மாற்று ஆள் கேட்கும் ஊர்

தாய்லாந்து எல்லை ஊரான மே சொட்டின் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் செல்வராணி டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுந்தரையில் நின்றார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பாங்காக்கிலிருந்து வந்த பேருந்து மலையடிவாரத்தில் மூச்சை விட்டுவிட்டது. மெக்கானிக் வரும்வரை பயணிகள் எல்லோரும் சாலையோரம் உட்கார்ந்து அவித்த சோளம் தின்றோம். ஓட்டுநர் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. இதே பேருந்து பெருங்களத்தூரில் நின்றிருந்தால் கொஞ்ச நேரத்தில் பயணிகளுக்குள்ளிருந்தே ஒரு தலைவரும், அவருக்கு ஓர் எதிர்ப்பாளரும், எஞ்சினைத் தட்டிப் பார்க்கும் ஒருவரும் கிளம்பியிருப்பார்கள்.

டீச்சர் சேலையூரில் எனக்குப் பக்கத்துத் தெரு. கணக்கு எடுப்பவர். அவருடைய ஒரே மகன் ஜோயல் பொத்தேரிக் கல்லூரியில் படித்து முடித்து, பாங்காக்கில் கஸ்டமர் சப்போர்ட் வேலை என்று கிளம்பிப் போனான். பாங்காக்கில் இறங்கிய அன்றே ஒரு வேனில் ஏற்றி, ஆற்றைக் கடத்தி, மியான்மர் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். இணைய மோசடிக்கென்றே கட்டிய வளாகம் அது. உள்ளே போனவன் வெளியே வர முடியாது. பல மாதங்கள் கழித்து அந்த வளாகத்தில் சோதனை நடந்து, ஒரு கூட்டத்தைத் தாய்லாந்துப் பக்கம் அனுப்பினார்கள். அதில் ஜோயலும் இருந்தான். இப்போது மே சொட்டில் ஓர் அரசு முகாமில் வைத்திருக்கிறார்கள்.

நான் ஒரு நாளிதழில் குற்றச் செய்திகள் எழுதியவள். இப்போது எந்த அலுவலகத்துக்கும் போவதில்லை. அந்த எல்லையைப் பற்றி எழுதப் போகிறேன் என்று கேள்விப்பட்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார். கணவருக்கு இதய அறுவை நடந்திருந்தது. அவரால் பயணம் செய்ய முடியாது.

"நானும் உங்ககூட வரட்டுமா? வழில தொந்தரவா இருக்க மாட்டேன்" என்றார். அவர் ஒரு தொந்தரவும் செய்யவில்லை. பேருந்தில் தூங்காமல் வந்ததைத் தவிர.

முகாமுக்குப் போக ஒரு வண்டியில் ஏறினோம். சின்ன லாரியின் பின்பக்கம் இரண்டு வரிசை பெஞ்சு போட்டு, மேலே தகரம் போட்டது. நம் ஷேர் ஆட்டோவுக்குப் பெரியப்பா மகன் மாதிரி. நாங்கள் கையைக் காட்டியதும் நிறுத்தினான், ஏறினோம், தவறான வண்டி. அது எங்களை ஆற்றுப் பாலத்துச் சந்தையில் கொண்டுபோய் இறக்கியது. அதனால் ஜோயலைப் பார்ப்பதற்கு முன்பே நாங்கள் அந்த ஆற்றைப் பார்த்தோம்.

பெரிய ஆறெல்லாம் இல்லை. மழைக்குப் பிறகு திருநீர்மலைப் பக்கம் ஓடும் அடையாறு இதைவிட அகலமாகத் தெரியும். இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும். அங்கே வரிசையாகப் புதுக் கட்டடங்கள். விடுதி போலவும் இருந்தது, ஆஸ்பத்திரி போலவும் இருந்தது. எல்லா மாடியிலும் பால்கனிக்குக் கம்பி போட்டிருந்தார்கள். மேல்மாடி வரைக்கும்.

"மேல்மாடிக்கு எந்தத் திருடன் ஏறுவான்?" என்றார் டீச்சர். கம்பி உள்ளே இருப்பவர்களுக்காக என்று பிறகு தானே புரிந்துகொண்டார்.

கமலா எங்களைத் தேடிக்கொண்டு சந்தைக்கே வந்துவிட்டாள். மலேசியத் தமிழ்ப் பெண், ஈப்போக்காரி. இந்த முகாமில் தமிழ் பேசுகிறவர்களுக்கு மொழிபெயர்க்கத் தொண்டு அமைப்பு ஒன்று அவளை வைத்திருந்தது. "மொத நாளே எல்லாரும் இங்கதான் வந்து எறங்குவாங்க லா. நான் நேரா இங்கயே வந்துடுவேன்" என்று சிரித்தாள்.

டீ குடித்தோம். கண்ணாடி டம்ளரின் அடியில் கெட்டிப்பாலை ஊற்றி, அதன்மேல் கறுப்பாக டீ. கலக்காமல் குடித்தால் கசப்பு, கலக்கினால் பாயசம். பக்கத்து மேசையில் இரண்டு லாரி ஓட்டுநர்கள் பர்மிய மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே வந்து பர்மியமும் கற்றிருந்த கமலா காதைக் கொடுத்துவிட்டு எனக்கு மெதுவாகச் சொன்னாள்.

"இந்த மாசம் அக்கரை கேட்டுல யார் நிக்கறாங்கன்னு கேக்கறான். போன மாசம் நின்னவங்கதான், சட்டை மட்டும் புதுசுன்னு மத்தவன் சொல்றான்."

அந்த ஒரு வரிக்காகவே நான் இவ்வளவு தூரம் வந்திருக்கலாம் என்று தோன்றியது. அக்கரையில் நிலம் ஓர் ஆயுதக் குழுவின் கையில். ஒரு காலத்தில் தங்கள் இனத்துக்காகச் சண்டை போடுகிறோம் என்று காட்டுக்குள் போனவர்கள். பிறகு பிரிந்தார்கள், அரசோடு உடன்பாடு செய்தார்கள், உடன்பாட்டை முறித்தார்கள். ஓர் ஆண்டு அவர்கள் பயங்கரவாதிகள், மறு ஆண்டு எல்லைக் காவலர்கள். கொடி எத்தனை தடவை மாறினாலும் கேட் மட்டும் அவர்களிடமே இருந்தது. முதலில் அந்தக் கேட் வழியாக மரம் போனது, பிறகு போதை மாத்திரை, இப்போது மனிதர்கள். கட்டடமும் கணினியும் வேறு ஒரு கும்பலுடையவை. அந்தக் கும்பலுக்குக் கொள்கை கிடையாது, கொடியும் கிடையாது. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் எந்தப் போலீசும் நுழைய முடியாத ஒரு துண்டு நிலம். ஆயுதக் குழுவுக்கு வேண்டியது துப்பாக்கிக்குத் தோட்டா. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பாசம் இல்லை. வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும்போல இருந்துகொண்டார்கள்.

இதை நான் இங்கேதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கத்துத் தொழிற்பேட்டை ஒன்றில் கழிவு இரும்பை யார் எடுப்பது என்பது பற்றி எழுதியிருக்கிறேன். டெண்டர் என்று ஒன்று நடக்கும். ஆனால் ஒரே ஆளின் லாரிதான் உள்ளே போகும். அவனுக்குப் பின்னால் ஒரு ரவுடி, அவனுக்குப் பின்னால் ஒரு கட்சிக் கரைவேட்டி. யாரும் அரிவாளை எடுக்க வேண்டிய தேவையே வராது. இங்கே அரிவாளுக்குப் பதில் இயந்திரத் துப்பாக்கி, அவ்வளவுதான் என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன். எழுதினால் தவறாகிவிடும். கழிவு இரும்பு திரும்பி வந்து வாக்குமூலம் கொடுப்பதில்லை.

மறுநாள் முகாம். வாசலில் பையைச் சோதித்தார்கள். டீச்சர் சேலையூரிலிருந்து ஒரு பாட்டிலில் இட்லிப் பொடி கொண்டுவந்திருந்தார். காவலர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், தும்மினார். சந்தேகத்தோடு விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளேயிருந்த இன்னொரு காவலரைக் கூப்பிட்டு அவர் நாக்கிலும் வைத்துவிட்டு, இருவரும் சிரித்துக்கொண்டே பாட்டிலை உள்ளே அனுப்பினார்கள்.

ஜோயல் இளைத்திருந்தான். வலது கைப் பெருவிரலில் நகம் இல்லை. அம்மாவைப் பார்த்ததும் அழுவான் என்று நினைத்தேன். அவன் அம்மாவின் காலைத்தான் பார்த்தான். "ஏம்மா கால் இப்படி வீங்கிருக்கு?" என்றான். டீச்சர்தான் அழுதார்.

மத்தியானம் சோறும், துளசி போட்டு வதக்கிய கறியும், மேலே ஒரு பொரித்த முட்டையும் கொடுத்தார்கள். ஜோயல் அதன்மேல் இட்லிப் பொடியைக் கொட்டிப் பிசைந்து தின்றான். தின்றுகொண்டே சொன்னான்.

"எனக்கு அங்க பேரு கிறிஸ்டினா, ஆன்ட்டி. ஃபோட்டோ யாரோ ஒரு பொண்ணோடது. தனியா இருக்கற ஆம்பளைங்களா தேடித் தேடி ஹாய் போடணும். டார்கெட் வரலன்னா வெயில்ல ஓடணும். அதுக்கும் மேல போனா கரண்ட்."

"கேட்டுல துப்பாக்கியோட நிக்கறவங்க?"

"அவங்க உள்ள வர மாட்டாங்க. எங்கள அடிக்கறதெல்லாம் கம்பெனி ஆளுங்கதான். ஒரு தடவை எங்க ரூம் பையன் சுவரேறி ஓடிட்டான். யூனிஃபார்ம்காரங்கதான் புடிச்சுட்டு வந்து விட்டாங்க. பக்கத்து வீட்டு ஆடு நம்ம தோட்டத்துக்கு வந்தா ஓட்டிட்டு வந்து விடுவாங்கள்ல, அந்த மாதிரி. நான் ஆரம்பத்துல அவங்க வேற இவங்க வேறன்னு நெனச்சேன். ராணுவம் மாதிரி இருக்காங்களே, ஒரு நாள் அவங்ககிட்ட ஓடிப் போய்ச் சொல்லிடலாம்னு பிளான்லாம் போட்டேன். அப்புறம் பாத்தா ரெண்டு பேரும் ஒரே மெஸ்ல சாப்பிடறாங்க."

கமலா நடைமுறையை விளக்கினாள். திங்கட்கிழமை அதிகாரிகள் ஜோயலை விசாரிப்பார்கள். அவள்தான் மொழிபெயர்க்க வேண்டும். கேள்விகள் நிறைய இருக்கும், ஆனால் ஒரு கேள்வியில்தான் எல்லாம் நிற்கிறது: நீ வேறு யாரையாவது அங்கே வரவழைத்தாயா? இல்லை என்றால் அவன் கடத்தப்பட்டவன். அம்மாவோடு ஊருக்குப் போகலாம். ஆமாம் என்றால் ஆள் கடத்தலுக்கு உடந்தை. வேறு கட்டடம், வேறு வழக்கு, எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

"நான் யாரையும் கூப்பிடல" என்றான் ஜோயல்.

கேள்வியே இன்னும் அவனிடம் கேட்கப்படவில்லை. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் தட்டுக் கழுவப் போனபோது அவன் என் பக்கம் நகர்ந்தான்.

"ஆன்ட்டி, கோபிய யாராவது தடுக்கணும். வெள்ளிக்கிழமை ஃப்ளைட்."

கோபி அவனுடைய பள்ளித் தோழன். வீடு கோவிலம்பாக்கம். டிப்ளமா முடித்துவிட்டுத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் எந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தான். ஜோயல் சொன்னது இதுதான். அந்த வளாகத்திலிருந்து வெளியே போக இரண்டு வழி. ஒன்று, வீட்டிலிருந்து கேட்ட தொகை வர வேண்டும். இல்லையென்றால் உன் இடத்துக்கு ஒரு மாற்று ஆளைக் கொடுக்க வேண்டும். ஜோயல் கோபியின் பேரைக் கொடுத்தான். கோபிக்கு ஆசை வருவதற்காக நீச்சல் குளத்தின் ஓரத்தில் உட்கார வைத்து வீடியோ எடுத்து அனுப்பினார்கள்.

"குளத்துல தண்ணியே இல்ல ஆன்ட்டி. காலைத் தொங்கப்போடச் சொல்லி, அடி தெரியாம எடுத்தாங்க."

கோபி வந்து சேருவதற்குள் சோதனை நடந்து ஜோயல் வெளியே வந்துவிட்டான். ஆனால் ஊரில் ஆள் பிடிக்கும் ஏஜென்ட் வேலையை நிறுத்தவில்லை. இந்த வளாகம் மூடினால் ஆற்றோரம் இன்னொரு வளாகம். கமலாவின் போனை வாங்கி கோபியைக் கூப்பிட்டானாம்.

"வராதடா, இடம் சரியில்லன்னேன். நீ மட்டும் சம்பாதிக்கணும், நான் மிஷின்லயே சாவணுமா மச்சான்னு கேக்கறான். இப்படி யாராவது ஃபோன் பண்ணுவாங்க, வயித்தெரிச்சல்ல கெடுப்பாங்கன்னு ஏஜென்ட் மொதல்லயே சொல்லி வெச்சிருக்கான்."

"அவன் பேரை நீதான் குடுத்தன்னு அவன்கிட்ட சொன்னியா?"

"சொல்லல." பிறகு, "அம்மாகிட்டயும் சொல்லாதீங்க" என்றான்.

வெளியே வந்து, தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு போலீஸ் அதிகாரியைக் கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டார். "பையன் மேஜர். டூரிஸ்ட் விசால டூர் போறேன்னு சொல்லுவான். யார் மேடம் கம்ப்ளைன்ட் குடுக்கறது? அவங்க வீட்ல குடுக்கச் சொல்லுங்க, நான் உடனே எடுக்கறேன்" என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை.

எனக்கு அவசரமாக ஊரில் ஒரு வேலை, நான் முன்னால் போகிறேன், திங்கட்கிழமைவரை கமலா துணைக்கு இருப்பாள் என்று டீச்சரிடம் சொன்னேன். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. ஒரு டீச்சர் காரணம் கேட்காமல் விடுகிறார் என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை மீனம்பாக்கத்தில் இறங்கியபோது சட்டென்று எல்லாம் சத்தமாக இருந்தது. செயலியில் கூப்பிட்ட ஆட்டோக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக எங்கே போக வேண்டும் என்று கேட்டுவிட்டு ரத்து செய்தார்கள். கடைசியில் சாலையில் நின்று கையைக் காட்டித்தான் ஒன்று கிடைத்தது. பல்லாவரம் மேம்பாலத்தில் ஏறுவதற்குள் ஓட்டுநர் இரண்டு தடவை என்ஜினை அணைத்தார்.

"ரேடியல் ரோடு ஃபுல்லா பேஜார் மேடம். கோவிலம்பாக்கம் உள்ள எங்க? பேனர் வெச்ச வூடா?"

"எந்த பேனர்?"

"ஃபாரின் போற பையன் பேனர் கீதே. அந்தத் தெருதானே?"

அந்தத் தெருதான். பேனர் முனை வீட்டின் மாடியிலிருந்து தரைவரை தொங்கியது. "அயல்நாடு புறப்படும் எங்கள் சிங்கம் கோபிநாத்தை வாழ்த்தி வழியனுப்புகிறோம்." கோபி கோட்டு போட்டிருந்தான், கழுத்துக்குக் கீழே வேறு யாருடைய உடம்போ. பின்னால் விமானமும் பாங்காக் கட்டடங்களும். கீழ் வரிசையில் வாழ்த்துவோரின் சின்னச் சின்ன முகங்கள். நம் ஊர் வழக்கப்படி ஒருவர் கூலிங் கிளாஸில், ஒருவர் கும்பிட்டபடி, ஒருவர் காதில் போனோடு.

காதில் போனோடு இருந்தவனை எனக்குத் தெரியும். மோகன். நான் முன்பு எழுதிய கழிவு இரும்பு விவகாரத்தில் லாரி அவனுடையது. முகத்தின் கீழே "தொழிலதிபர், இளைஞர்களின் வழிகாட்டி" என்று போட்டிருந்தது.

படம் எடுத்துக் கமலாவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. ஜோயல் பார்த்துவிட்டான், பொத்தேரியில் டீக்கடையில் வைத்து அவனுக்கு வேலை சொன்னவன் இவன்தான். அங்கே அவன் பெயர் ரிச்சர்ட்.

அக்கரையில் யாருக்கும் முகம் கிடையாது. கண்ணாடி கறுத்த கார்கள், பெயர்ப் பலகை இல்லாத கட்டடங்கள், அடிக்கிறவனும் முகமூடி போட்டுக்கொண்டு அடிப்பானாம். அத்தனை தூரம் நீண்ட அந்தச் சங்கிலியின் இந்த முனையில் இருக்கிறவனால் மட்டும் ஒரு பேனரில் தன் படம் வராமல் இருப்பதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஃப்ளெக்ஸ் கடைக்கு அவனே படம் அனுப்பியிருப்பான்.

மோகன் உள்ளேயே இருந்தான். கோபியின் அப்பா எத்திராஜ் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். இப்போது மூன்று மாடி வீடும் வாடகையும். முந்தின நாள் தெருவுக்கே பிரியாணி போட்டிருந்தார்கள். மிச்சத்தைச் சூடாக்கி எல்லோர் தட்டிலும் வைத்துக்கொண்டிருந்தார் கோபியின் அம்மா வசந்தா. ஜோயலின் அம்மாவுக்குத் தெரிந்தவள் என்றதும் எனக்கும் ஒரு தட்டு வந்தது. பழைய பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும். விமானத்தில் எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தேன். நன்றாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் பார்த்ததைச் சொன்னேன். ஆறு, கம்பி, நகமில்லாத விரல். கோபி சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பட்டறையில் வேலை செய்கிறவனின் கை. விரல் மடிப்புகளில் எண்ணெய்க் கறுப்பு.

மோகன் குறுக்கிடவே இல்லை. நான் முடித்ததும், "சிஸ்டர் சொல்றது நெஜம்தான் எத்திராஜண்ணே. அந்த மாதிரி கம்பெனிங்களும் கீது. அதுல மாட்டிக்கக் கூடாதுன்னுதான் நம்மள மாதிரி ஆளுங்க வேணும். நம்ம கம்பெனி பாங்காக்கு சிட்டிக்குள்ள கீது" என்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான். "சிஸ்டர் என்னப் பத்தியே பேப்பர்ல எழுதனவங்கதான். பேரு போடாம எழுதனாங்க. அதுல எனக்குக் கொஞ்சம் வருத்தம்."

"ஜோயலுக்கு நீங்க ரிச்சர்டாமே?"

"ஊர்ல என் மூஞ்சி மாதிரி எத்தினி மூஞ்சி கீது சிஸ்டர்."

எத்திராஜ் நெற்றியைத் தேய்த்தார். "நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா இன்னா பண்றது, பேனர் வெச்சாச்சு. ஊரே வந்து துன்னுட்டுப் போச்சு. மாமியார் வூட்டு சனமெல்லாம் மோதிரம் போட்டுட்டுப் போயிருக்கு. நாளைக்கு இவன் இங்க டீக்கடைல நின்னா, விசா குடுக்கல, வெரட்டி வுட்டானுங்கன்னு பேசுவானுங்க. இவனுக்கு இனிமே பொண்ணு யார் குடுப்பா?"

"உயிரோட இருந்தாத்தானேங்க பொண்ணு?"

"அய்ய, வாயக் கழுவுங்க" என்றார் வசந்தா.

"ஜோயல்கிட்டயே பேசட்டும்" என்றேன். கோபி தோளைக் குலுக்கினான். "பேசிட்டேன் மேடம். அவன் சும்மா பிகு பண்றான்."

"பேசட்டும், பேசட்டும்" என்றான் மோகன். அவனுக்குப் பயமில்லை. ஜோயல் எதைச் சொல்லவே மாட்டான் என்பது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வீடியோ அழைப்பில் முதலில் கமலாவின் முகம் வந்தது. ஜோயலைக் கோபியிடம் பேசவைக்கச் சொன்னேன்.

"அக்கா, நான் இங்க பக்கத்துலதான் இருப்பேன். ரூல்ஸ் அப்படி. அவன் சொல்றத நான் கேட்டா கேட்டதுதான். திங்கக்கிழமை ஆபீசர் முன்னாடி எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்ல முடியாது. இத அவன்கிட்டயும் சொல்லிட்டேன்."

போனைக் கோபியிடம் கொடுத்தேன். அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

"இன்னாடா, மறுபடியுமா?"

"மச்சான், வராதடா. ப்ளீஸ்."

"ஏன்? நீ பூல்ல உக்காந்து வீடியோ போட்டப்ப நல்லா இருந்துச்சு, நான் வந்தா மட்டும் நல்லா இருக்காதா?"

"அது... அது அப்படித்தான் எடுக்கச் சொன்னாங்க."

"எடுக்கச் சொன்னா? நீ குழந்தையா? சொல்றத ஒழுங்கா சொல்லு."

ஜோயல் கேமராவைப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் கமலா நின்ற திசையைப் பார்த்தான், பிறகு இன்னொரு பக்கம். "இடம் சரியில்ல மச்சான், அவ்ளோதான். கேளு."

மோகன் தட்டில் எலும்பை ஓரமாக ஒதுக்கினான்.

அப்போது திரைக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சுவரை எட்டும் குரல். அதில் கோபம் இல்லை.

"முழுசா சொல்லுடா ஜோயல்."

டீச்சர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஜோயல் இப்போது நேராகப் பார்த்தான். "என்னை விடறதுக்கு ஒரு ஆள் கேட்டாங்க மச்சான். நான் உன் பேரைக் குடுத்தேன். உன் நம்பர், உன் ஃபோட்டோ, நீ மிஷின் வேலைல கடுப்புல இருக்கன்னு எல்லாம் நான்தான் சொன்னேன். நீ வந்தா நான் போலாம்னு சொன்னாங்க. அதுக்குத்தான் அந்தத் தண்ணியில்லாத பூல் வீடியோ."

கோபி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான், சூடான சாமானைப் பிடிப்பதுபோல.

"அந்தப் பூல்ல தண்ணியே இல்லையாடா?" என்றான்.

"இல்ல."

கோபி எழுந்து போனை என்னிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். படியில் அவன் ஏறும் சத்தம் கேட்டது. வசந்தா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். அதற்குள் கமலா அழைப்பைத் துண்டித்திருந்தாள். வெறும் திரையைப் பார்த்துத்தான் அவர் கத்தினார்.

"எம் புள்ளைய வித்துட்டு இப்ப போன்ல நல்லவன் வேஷம் போடுறியா? எத்தினி நாள் என் கையால துன்ன! நீ அங்கியே கெடந்து சாவுடா!"

மோகன் கை கழுவிவிட்டு, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். "பையனுக்கு இஷ்டம் இல்லன்னா வுட்டுடுங்கண்ணே. ஒண்ணும் பிரச்சினை இல்ல. பொத்தேரில தெனம் பசங்க கேட்டுகினுதான் கீறானுங்க." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் திரும்பினான். "சேலையூர்லதானே கீறீங்க சிஸ்டர்? அந்தச் சர்ச்சுக்குப் பின்னாடி. தனியா போவாதீங்க, ரோடெல்லாம் தோண்டிப் போட்டுகினு கீறானுங்க."

என் வீடு எங்கே என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

நேராகப் போலீஸ் அதிகாரியிடம் போய் எழுதிக் கொடுத்தேன். எத்திராஜ் கையெழுத்துப் போட வரவில்லை. வம்பு வேண்டாம் என்றார். பேனர் படத்தை அதிகாரி பெரிதாக்கிப் பார்த்தார். "வாழ்த்துச் சொன்னதுக்கு எஃப்.ஐ.ஆர். போட முடியாது மேடம்" என்றார். ஆனால் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். ஜோயலின் வாக்குமூலம் முறைப்படி வந்தால் நிலைமை வேறு என்றார். வாக்குமூலம் வந்தால் ஜோயலின் நிலைமையும் வேறு என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். கோபி கிளம்பினான். டிராலி பெட்டி, நெற்றியில் விபூதி, கழுத்தில் மாலை. எத்திராஜ் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். தெருவே வாசலுக்கு வந்து கையசைத்தது. டாக்ஸி பல்லாவரம்வரை போய், விமான நிலையத்துப் பக்கம் திரும்பாமல் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போய், அவனை மறைமலைநகரில் அத்தை வீட்டில் இறக்கிவிட்டது. கொஞ்ச காலம் அங்கே இருப்பான், பிறகு கம்பெனி சரியில்லை என்று திரும்பி வருவான் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். எத்திராஜ் இதை எனக்குப் போனில் சொன்னபோது அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அயல்நாட்டுக்கு அனுப்பிய மரியாதையும் போகவில்லை, பையனும் போகவில்லை.

அன்று மாலை நான் பொத்தேரியில் இறங்கி, கல்லூரிப் பக்கத்து டீக்கடைகளில் கொஞ்சம் நின்றேன். பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மோகனின் படத்தைச் சிலரிடம் காட்டினேன். ஒருவன், "இவர் ராபர்ட் சார்தானே? வேலை இருக்குன்னு சொன்னாரே. நீங்களும் அவங்க கம்பெனியா மேடம்?" என்று ஆர்வமாகக் கேட்டான். நான் சொன்னதை அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். நம்பினானா என்று எனக்குத் தெரியாது. அவன் பெயரையும் எண்ணையும் அதிகாரிக்கு அனுப்பிவிட்டு ரயிலேறினேன். தாம்பரம்வரை உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை மாலை டீச்சர் கூப்பிட்டார். விசாரணை முடிந்துவிட்டது. அந்தக் கேள்வி வந்தது. ஜோயல் ஆமாம் என்றான். கமலா மொழிபெயர்த்தாள். அவனை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வாரத்தில் சில நாள் மட்டும் பார்க்கலாம். பாதிக்கப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு மறுநாள் கிளம்பும் விமானத்தில் அவன் பெயர் இல்லை. டீச்சர் சந்தைப் பக்கம் ஓர் அறை பார்த்திருக்கிறார். பள்ளிக்குச் சம்பளமில்லா விடுப்பு எழுதிப் போட்டுவிட்டார். எல்லாவற்றையும் வரிசையாக, குரல் மாறாமல் சொன்னார்.

"கோபி போகலையே?"

"போகல. அத்தை வீட்ல இருக்கான்."

"சரி" என்றார். பின்னால் யாரோ எதையோ கூவி விற்றுக்கொண்டு போனார்கள். "அன்னிக்கு ஃபோன் கட் ஆனப்புறம் அவங்கம்மா என்ன சொன்னாங்க?"

இதமாகச் சொல்ல வழி இருந்தது. அழுதார்கள், அதிர்ச்சியாக இருந்தார்கள் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் பொய்யில்லை. ஆனால் கேட்டவர் டீச்சர். வசந்தா சொன்னதைச் சொன்னபடியே, கடைசி வார்த்தைவரை சொன்னேன்.

மறுமுனையில் அந்த வியாபாரியின் குரல் தேய்ந்து மறைந்தது.

"நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார். "அந்த வழியா போனா அவங்கள ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க. ஒண்ணும் பேச வேணாம்." பார்வை நேரத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.